இடது கை காட்டிய திசை

எங்கள் தீவுப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரிகிறதோ இல்லையோ, புயல் எச்சரிக்கை எண்கள் நன்றாகத் தெரியும். ஒன்றாம் எண் என்றால் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை. இரண்டாம் எண் என்றால் எல்லோருக்கும் விடுமுறை. மூன்றாம் எண் வந்துவிட்டால் விடுமுறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் கிழக்குக் கோடியில் இருப்பவர்கள் நாங்கள். பசிபிக் கடலில் எந்தப் புயல் பிறந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

போன வாரம் அது வெறும் மேகக் கூட்டமாக இருந்தது. பிறகு தாழ்வு மண்டலம் ஆனது. நேற்று புயலாகி, பெயரும் வாங்கிக்கொண்டது. தெரெசிட்டா என்று பெயர். ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியைக்கும் அதே பெயர்தான்.

"பேரைக் கேட்டாலே கை நடுங்குதுடா" என்று பையன்கள் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை.

இன்று காலை இரண்டாம் எண் அறிவித்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு லூனிங், அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு காற்றிலும் மழையிலும் கீழ்த்தெருவிலிருந்து குன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். சோறு, கருவாடு, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. எல்லாம் வாழையிலையில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

லூனிங்கின் அம்மா மிலா, குன்றின் மேல் உள்ள வானிலை நிலையத்தில் வேலை செய்கிறார். கூட வேலை பார்ப்பவர் பெரிய தீவுக்குப் போனவர், படகு ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். அதனால் நேற்றிலிருந்து அம்மா வீட்டுக்கு வரவில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு வேகம், காற்றழுத்தம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, தலைமை நிலையத்துக்கு வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கீழ்த்தெரு மணல்மேல் இருக்கிறது. முப்பது வீடுகள். வீட்டு வாசலில் நின்று எச்சில் துப்பினால் கடலில் விழும் என்று மேட்டுத் தெருக்காரர்கள் கேலி செய்வார்கள். அன்று அங்கே ஒருவரும் மூட்டை கட்டவில்லை. புயல் வடக்கே போகிறது என்று காலையில் அறிவிப்பு வந்திருந்தது.

வடக்கே போனால் காற்று மலையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அலை கரைக்கு ஏறாது. தெற்கே போனால் காற்று கடலிலிருந்து வரும், கூடவே கடலையும் கூட்டிக்கொண்டு வரும். இது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும்.

லூனிங்கின் அப்பா இசித்ரோ, படகுகளை இழுத்துத் தென்னை மரங்களில் கட்டிக்கொண்டிருந்தார். தம்பி தோதோய் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தான்தான் எல்லாப் படகையும் இழுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொல்லு, இங்க எல்லாம் சரியா இருக்குன்னு" என்றார் அப்பா.

குன்றின் மேல் சமதரை கொஞ்சம்தான். அதில் பாதியில் வானிலை நிலையம் இருந்தது. மீதிப் பாதியில் போன கோடையில் புதிதாக எழும்பியிருந்தது, ஊரின் கூடைப்பந்துக் கூடம். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் இல்லாத ஊரைக்கூடப் பார்க்கலாம், கூடைப்பந்து ஆடுகளம் இல்லாத ஊரைப் பார்க்க முடியாது. எங்கள் ஊரில் ஆடுகளத்துக்குக் கூரையும் போட்டாகிவிட்டது. தென்னை உயரத்துக்குத் தகரக் கூரை. அதன் நெற்றியில், 'கேப்டன் செவெரோவின் அன்பளிப்பு' என்று லூனிங் உயரத்துக்கு எழுத்துகள்.

செவெரோ எங்கள் ஊர்த் தலைவர். தலைவர்களை இங்கே கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கப்பல் ஒன்றும் கிடையாது. படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார்.

லூனிங் நிலையத்துக்குள் நுழைந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மேசைமேல் இருந்த கணினியில் செயற்கைக்கோள் எடுத்த படம் இருந்தது. கடல் முழுவதும் கறுப்பு. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய மேக உருண்டை.

"இதுதான் தெரெசிட்டாவா?"

"இதுதான். நமக்கு வடகிழக்குல நிக்குது."

"நடுவுல கண்ணு மாதிரி ஓட்டை இருக்கும்னு சொன்னீங்களே. காணோமே."

"இன்னும் அவ்வளவு பெருசா வளரலை. வளர்ந்துக்கிட்டே இருக்கு. மேல இருந்து பாத்தா தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாதுல்ல? அது மாதிரி. மேகத்துக்கு அடியில சுழல் எங்க இருக்குன்னு படத்துல சரியா தெரியலை. அதான் நம்ம நிலையத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நம்ம நிலையத்துக்கு எப்படித் தெரியும்?"

"காத்து சொல்லும். காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. இடது கையை நீட்டு. கை காட்டுற பக்கம் புயலோட நடு இருக்கும்." அம்மா ஒரு சின்ன முகப்பைக் காட்டினார். நிலையக் கூரைக்கு மேல் உள்ள காற்றுத் திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ, இந்த முள்ளும் அந்தப் பக்கம் திரும்பும். "பாரு, வடமேற்குக் காத்து. அதுக்கு முதுகைக் காட்டினா கை வடகிழக்குப் பக்கம் போகும். படத்துலயும் அங்கதான் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுது. புயல் வடக்கால போயிடும்."

லூனிங் முள்ளைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். அது நனையவே இல்லை.

"அம்மா, வடமேற்குன்னா அந்தப் பக்கம்தானே?" என்று மலை இருக்கும் பக்கம் கை காட்டினாள்.

"ஆமா."

"நான் கடல்ல இருந்து மலையைப் பாத்து ஏறி வந்தேன். அந்தக் காத்து என் மூஞ்சியில அடிச்சிருக்கணுமே. மூஞ்சி நனையலை. சோறும் நனையலை. முதுகுதான் நனைஞ்சிருக்கு."

அம்மா அவளைத் திருப்பிப் பார்த்தார். சட்டையின் பின்பக்கம் பிழிந்தெடுக்கலாம் போல ஈரம். வலது தோளில் இன்னும் அதிகம். முன்பக்கம் காய்ந்திருந்தது.

"வழியில காத்து சுத்தி அடிச்சிருக்கும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அவரே யோசித்தார். "கருவி காட்டுறதைத்தான் சொல்லணும், லூனிங். மனசுல தோணுறதைச் சொல்லக் கூடாது. இந்த வேலையில முதல் பாடமே அதுதான்."

"நான் மனசுல தோணுறதைச் சொல்லலை. முதுகுல பட்டதைச் சொல்றேன்."

அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எதிரே வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு கேப்டனின் கூரை நின்றது. அது நிலையத்துக்கு வடகிழக்கே இருந்தது. திசைகாட்டிக் கம்பத்தைவிட உயரமாக இருந்தது.

"இந்தக் கூடம் கட்டினதுல இருந்து" என்று மெதுவாகச் சொன்னார் அம்மா, "தென்மேற்குக் காத்துதான் வீசிக்கிட்டிருந்தது. இந்தப் பக்கத்துல இருந்து காத்து வரவே இல்லை. ஒரு தடவைகூட வரலை."

அவர் எழுந்து மழைச்சட்டையை மாட்டினார்.

நிலையத்துக்குப் பின்னால் சிலுவை மேடு இருக்கிறது. சிலுவையைத் தவிர அங்கே மரமோ சுவரோ கிடையாது. லூனிங் ஒரு மூங்கில் கம்பின் நுனியில் மஞ்சள் பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கட்டினாள். இரண்டு பேரும் கம்பைத் தூக்கிப் பிடித்தார்கள். மஞ்சள் நாடா படபடவென்று அடித்துக்கொண்டு தென்மேற்கே நீண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்கள். அது திசை மாறவில்லை.

காற்று வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. கூடத்தின் மேல் மோதி, அதன் ஓரத்தைச் சுற்றி வளைந்து, திசைகாட்டியைத் தப்புப் பக்கம் திருப்பிவிட்டிருந்தது.

"முதுகைக் காட்டி நில்லு" என்றார் அம்மா.

லூனிங் நின்றாள். இடது கையை நீட்டினாள். அது வடகிழக்கைக் காட்டவில்லை. எங்கள் ஊர்க் குடாவின் வாய் கடலுக்குத் திறந்திருக்கும் தென்கிழக்கைக் காட்டியது. அந்தக் கையின் கீழே, மழைக்குள் மங்கலாகக் கீழ்த்தெருவின் கூரைகள் தெரிந்தன. அப்பாவும் தோதோயும் அங்கேதான் இருந்தார்கள்.

அம்மா லூனிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வானொலியில் தலைமை நிலையத்திலிருந்து பேசியவர் பெயர் அர்னெல். அம்மா அவரை நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

"சார், நான் காலையில இருந்து அனுப்பின காத்துத் திசை தப்பு" என்றார் அம்மா. "பக்கத்துக் கட்டடம் காத்தை மறிக்குது. திறந்த மேட்டுல நின்னு பாத்தேன். வடகிழக்குக் காத்து. அழுத்தம் இறங்கிக்கிட்டே இருக்கு. தயவுசெஞ்சு திருத்திக்குங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மேகமெல்லாம் உங்களுக்கு வடகிழக்குல இருக்கேம்மா" என்றார் அர்னெல்.

"மேகம் அங்க இருக்கலாம் சார். கீழ காத்து வேற சொல்லுது."

"இருங்க." மறுபடி இரைச்சல். யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு குரல் வேகமாக வந்தது. "உங்களுக்குத் தெற்க இருக்கிற தீவுல அழுத்தம் உங்களைவிட வேகமா இறங்குது. அது கருவிக் கோளாறுன்னு ஒதுக்கி வெச்சிருந்தோம். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றீங்க. புதுப் படத்தைப் பாக்குறேன். வெயில் ஏறினதுல கொஞ்சம் தெளிவா இருக்கு. வெள்ளை உருண்டைக்குத் தெற்கு ஓரத்துல, அடியில, மெல்லிசா மேகக் கோடுங்க சுருண்டு சுருண்டு போகுது."

"அப்படின்னா?"

"மேல அடிக்கிற காத்து மேகத்தை வடக்க தள்ளிட்டுப் போயிருக்கு. சுழலோட நடு தெற்கதான் இருக்கு. உங்க ஊருக்குத் தெற்கால கரை ஏறும். புது அறிவிப்பு எல்லா ஊருக்கும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். நீங்க காத்திருக்க வேண்டாம். கடலோரத்துல யார் இருக்காங்க?"

"என் வீடு இருக்கு சார்" என்றார் அம்மா.

"திருத்திச் சொன்னதுக்கு நன்றிம்மா. இடத்தை விட்டுப் போகாதீங்க. இனி உங்க அளவுதான் எங்களுக்குக் கண்ணு."

அம்மா லூனிங்கைப் பார்த்தார். போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. அவர் முகத்தைப் பார்க்கவே லூனிங்குக்குப் பாவமாக இருந்தது.

"கேப்டன் பக்கத்துலதான் இருக்கார். நான் போய்ச் சொல்றேன்" என்றாள் லூனிங். "நீங்க சோறு சாப்பிடுங்க."

கூடத்துக்குள் இளைஞர்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். புயல் விடுமுறையில் வேறென்ன செய்வது? ஓரத்தில் கேப்டன் செவெரோ நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கரோக்கிப் பெட்டி இருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு பாட்டுப் பாடுவார். யாரும் கேட்கவில்லை என்றாலும் பாடுவார்.

"கேப்டன், புயல் தெற்கால வருதாம். கீழ்த்தெரு ஆளுங்களை மேல கூட்டிட்டு வரணும்னு அம்மா சொன்னாங்க."

கேப்டனின் முகம் சுருங்கியது. "காலையில வடக்குன்னு சொன்னதும் உங்கம்மாதானே?"

"ஆமா. அது தப்பாயிடுச்சு."

ஆட்டம் நின்றது. பையன்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

"ஜூலை மாசத்துல இப்படித்தான் ஒரு புயல்னு எல்லாரையும் மேல ஏத்தினேன்" என்றார் கேப்டன். "மழைத்துளி விழலை. மத்தி மீன் டப்பாவைத் தின்னுக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தாங்க. கீழ காசிமிரோவோட கோழியை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். அதுல இருந்து எனக்கு என்ன பேருன்னு உனக்குத் தெரியுமா?"

லூனிங்குக்குத் தெரியும். வெயில் கேப்டன். அவளே இரண்டு மூன்று முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

"தெரியும்னு மூஞ்சியே சொல்லுது" என்றார் அவர். "சரி, காலையில எப்படித் தப்பாச்சு? அதைச் சொல்லு."

லூனிங் வாயைத் திறந்தாள். தலைக்கு மேல் தகரக் கூரை தடதடத்தது. இந்தக் கூரைக்காக அவர் எத்தனை பேர் வீட்டுப் படி ஏறி இறங்கினார் என்று ஊருக்கே தெரியும். திறப்பு விழாவில் அவர் அழுதுவிட்டார். அதையும் ஊரே பார்த்தது. உங்கள் கூடத்தால்தான் எல்லாம் என்று இத்தனை பேர் நடுவில் சொன்னால் அவர் கோபப்படுவார். கோபம் வந்தவருக்குக் காது கேட்காது.

"ஒரு நிமிஷம் வெளிய வாங்க கேப்டன். உங்ககிட்ட மட்டும் ஒண்ணு காட்டணும்" என்றாள்.

"மழையிலயா?"

"ஒரே நிமிஷம்."

அவர் முனகிக்கொண்டே குடையை எடுத்தார். சிலுவை மேட்டுக்கு ஏறியதும் குடை மேல்பக்கம் மடிந்து, பிறகு கையை விட்டே பறந்தது. மஞ்சள் நாடா கட்டிய மூங்கில் கம்பு, கற்களுக்கு நடுவில் இன்னும் நின்றது.

"காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. இடது கையை நீட்டுங்க. கை காட்டுற பக்கம்தான் புயல் இருக்கும்."

கேப்டன் நின்றார். தொப்பையில் சட்டை ஒட்டிக்கொண்டது. கையை நீட்டினார். விரல் நுனி போகும் பக்கம் பார்த்தார். குடாவின் வாயில் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. காலையில் அங்கே அப்படி இல்லை.

அவர் படகில் வாந்தி எடுக்கிறவர்தான். ஆனாலும் மீனவர் மகன். அந்தத் திசையில் புயல் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கீழ திசைகாட்டி வேற காட்டிச்சே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"உங்க கூடம் ரொம்ப உயரம் கேப்டன். காத்தை நல்லாவே மறிக்குது. அதான்."

அவர் திரும்பித் தன் கூரையைப் பார்த்தார். மழைநீர் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஊருல யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். நாங்க சொல்ல மாட்டோம். கீழ்த்தெருவை மட்டும் மேல ஏத்துங்க."

கேப்டன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையன்களைக் கூப்பிட்டுக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினார்.

அவருடைய மூன்று சக்கர வண்டியில் கரோக்கிப் பெட்டியை ஏற்றி, வண்டி பேட்டரியில் இணைத்தார்கள். பையன் ஒருவன் ஓட்ட, கேப்டன் பின்னால் உட்கார்ந்தார், மடியில் ஒலிவாங்கியோடு. லூனிங் பக்கத்தில் தொற்றிக்கொண்டாள். வண்டி சரிவில் குலுங்கிக் குலுங்கி இறங்கியது.

கீழ்த்தெருவின் முதல் வீட்டு வாசலிலேயே கேலி ஆரம்பித்துவிட்டது.

"என்ன கேப்டன், இன்னைக்கும் வெயிலா?"

கேப்டன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார். எதிரொலியை நிறுத்தும் பொத்தான் எது என்று அவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்றார். கேளுங்க, ளுங்க, ங்க என்றது பெட்டி. "புயல் தெற்கால வருது. காலையில சொன்னது தப்பு. தப்பு வானிலை நிலையத்தோடது இல்லை. நான் கட்டின கூடம் காத்தை மறிச்சு, கருவியை ஏமாத்திடுச்சு. அந்த இடத்துல கட்டச் சொன்னது நான்தான். என்னைத் திட்டுறதுக்கு நாளைக்கு வரிசையில நில்லுங்க. இன்னைக்கு மேட்டுத் தெரு மாதா கோயிலுக்கு ஏறுங்க."

ஏறுங்க, றுங்க, ங்க.

யாரும் சிரிக்கவில்லை. லூனிங் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சொல்ல மாட்டோம் என்று அவள் சொன்ன விஷயத்தை அவரே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கேப்டன்கள் தங்கள் தப்பை ஒலிவாங்கியில் சொல்லி எங்கள் ஊர் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, மக்கள் நம்பினார்கள்.

தெரு எழுந்தது. அரிசி மூட்டை, பாய், குழந்தை, சேவல் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அப்பா படகுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தப் படகு அவருடைய பாதி உயிர்.

"இன்னும் ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

"கடல் வந்தா எத்தனை கட்டுப் போட்டாலும் நிக்காதுப்பா" என்றாள் லூனிங். "நீங்க வந்தாத்தான் தோதோய் வருவான்."

தோதோய் அதற்குச் சரியாக மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அப்பா கயிற்றைக் கீழே போட்டார். மகனைத் தோளில் தூக்கினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

காசிமிரோ மாமா மட்டும் வாசலில் குந்தியிருந்தார். "போன தடவை கோழி போச்சு. இந்தத் தடவை பன்னியை விட்டுட்டு வரணுமா? நான் வரலை."

"பன்னியையும் கூட்டிட்டு வாங்க மாமா" என்றாள் லூனிங்.

"மாதா கோயிலுக்குள்ளயா?"

"சாமியார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் கேப்டன். "என் பேரைச் சொல்லி உள்ள விடுங்க. ஏற்கெனவே கெட்ட பேருதானே."

பன்றி முன்னால் நடந்தது. காசிமிரோ மாமா பின்னால் நடந்தார்.

கூடத்தில் தங்கலாமா என்று ஒருவர் கேட்டார். கேப்டன் தலையை அசைத்தார். "அது பந்து ஆடுற கூரை. இந்தக் காத்துக்கு ஆகாது. கோயிலுக்குப் போங்க. அது கல்லு."

மதியத்துக்கு மேல் தெரெசிட்டா வந்தது.

அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கல் சுவருக்குள் அத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே காற்று ஓலமிட்டது. இரண்டு பேர் பேசினால் ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் அழுது ஓய்ந்து தூங்கினார்கள். பெரியவர்கள் ஜெபமாலையை உருட்டினார்கள்.

லூனிங்குக்கு அம்மா நினைப்பாகவே இருந்தது. நிலையம் கான்கிரீட் கட்டடம்தான், ஒன்றும் ஆகாது என்று அப்பா சொன்னார். சொல்லிக்கொண்டே அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அவருக்கும் பயம் என்று அதில் தெரிந்தது.

இடையில் ஒரு முறை, தகரத்தைப் பிய்த்துக் கிழிக்கும் சத்தம் குன்றின் உச்சிப் பக்கம் கேட்டது. அது வெகு நேரம் கேட்டது. கூடத்தின் கூரைதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் கேப்டனைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள்.

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். லூனிங் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், தன் பையில் இருந்த கடைசி பிஸ்கட்டை நீட்டினாள்.

அவர் பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டார். "போகட்டும்" என்றார். "உங்கம்மாவுக்கு இனிமே காத்து நேரா வரும்."

விடிந்தபோது வானம் ஒன்றும் நடக்காதது போல நீலமாக இருந்தது. கோயில் வாசலில் அம்மா நின்றிருந்தார். தூக்கமில்லாத முகம், கலைந்த தலை. லூனிங் ஓடிப் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். காற்று நின்றுவிட்டது, காற்றழுத்தம் ஏறுகிறது, பயமில்லை என்று அம்மா அழுகைக்கு நடுவே சொன்னார்.

பிறகு எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

கீழ்த்தெரு இல்லை.

மணல் இருந்தது. சாய்ந்த தென்னைகள் இருந்தன. அங்கங்கே சிமெண்டுப் படிகள் மட்டும், எந்த வீட்டுக்கும் போகாமல் நின்றன. படகுகள் இருந்த இடத்தில் அறுந்த கயிறுகள் கிடந்தன. நேற்று இங்கே தூங்கப் போயிருந்தால் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் நினைத்தார்கள்.

லூனிங்கின் அப்பா தங்கள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார். அதன் மேல் அவருக்குக் கோபமா துக்கமா என்று தெரியவில்லை.

கேப்டன் தெருவாக இருந்த இடத்தின் நடுவில் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு வெறும் மணலைக் கையால் காட்டி, "காசிமிரோ வீடு" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இருக்கேன், கேப்டன். பன்னியும் இருக்கு."

அவர் இரண்டடி நகர்ந்தார். அடுத்த வீடு இருந்த இடத்தைக் காட்டினார். அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்.

"இருக்கோம்."

அடுத்த வீடு.

"இருக்கோம்."

காகிதம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஓட்டுக் கேட்டு ஏறி இறங்கிய வீடுகள் அல்லவா. வரிசை மாறாமல், ஒரு வீட்டைக்கூட விடாமல், இல்லாத தெருவில் நடந்துகொண்டே கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் தங்கள் முறை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள்.

கடைசி வீடு தண்ணீருக்குப் பக்கத்தில்.

"இசித்ரோ வீடு" என்றார் கேப்டன்.

அப்பா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அம்மா தோதோயை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். லூனிங் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இருக்கோம், கேப்டன்" என்றாள். "நாலு பேரும் இருக்கோம்."